டிவைஸ் ட்ரீயில் தப்பு இருந்தால் டிரைவர்தான் பிடிக்க வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதுபவர்களிடமிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள். அதனால் இந்தப் பகுதி முழுவதும் அவற்றுக்கே. வேறு குறிப்பு இல்லாத இடங்களில் லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி (ஓசூர்): எங்கள் போர்டின் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) கடிகார வேகத்தைப் பிரிக்கும் மதிப்பை ஒருவர் 0 என்று போட்டுவிட்டார். பழைய 32 பிட் ஏஆர்எம் போர்டில் ‘பூஜ்ஜியத்தால் வகுத்தல்’ என்று கெர்னல் லாகில் செய்தி வந்தது. புது 64 பிட் போர்டில் எந்தச் செய்தியும் இல்லை. சாதனம் மட்டும் வேலை செய்யவில்லை. இனி எல்லா பிராப்பர்ட்டியையும் (அந்தக் கோப்பில் உள்ள பெயர்-மதிப்பு வரிகளையும்) டிரைவரிலேயே சோதிப்போம் என்று எழுதி அனுப்பினால், ‘டிவைஸ் ட்ரீயைச் சரிபார்ப்பது டிரைவரின் வேலை இல்லை, எடுத்துவிடுங்கள்’ என்கிறார்கள் கெர்னல் பராமரிப்பாளர்கள். யார் பக்கம் நியாயம்?

பதில்: பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான். ஆனால் உங்கள் 0 மட்டும் விதிவிலக்கு. அந்தச் சோதனை டிரைவரில் இருந்தே ஆக வேண்டும்.

முதலில் இரண்டு போர்டும் ஏன் வேறு வேறாக நடந்துகொண்டன என்பது. வகுத்தல் கட்டளை சிப்பிலேயே இல்லாத பழைய ஏஆர்எம்-இல் கெர்னலின் சொந்தச் சார்புதான் வகுக்கிறது. அது 0-ஐப் பார்த்ததும் லாகில் எழுதுகிறது. ஏஆர்எம்64-இன் வகுத்தல் கட்டளையோ 0-ஆல் வகுத்தால் விடையாக 0 தந்துவிட்டு நகர்ந்துவிடும், எந்தத் தடங்கலும் எழாது. அந்த 0 அப்படியே ரெஜிஸ்டருக்கு, அதாவது சாதனத்தை அமைக்கும் சிறு நினைவிடத்துக்கு, போய்ச் சேரும். எக்ஸ்86-ஆக இருந்திருந்தால் அங்கேயே கெர்னல் விழுந்திருக்கும். மூன்றில் மோசமானது சத்தமே வராத அந்த நடு வழிதான்.

இனி பராமரிப்பாளர்களின் வாதம். டிவைஸ் ட்ரீயை எழுதுபவர் போர்டை வடிவமைத்தவர். அதை மாற்றும் அதிகாரம் உள்ளவருக்குப் பெரும்பாலும் கெர்னலையே மாற்றும் அதிகாரமும் இருக்கும். ஆகவே அவரை எதிரியாக நினைத்துக் காவல் போட வேண்டியதில்லை. அவர் செய்யும் தவறு மேசையில் ஒரே முறை பிடித்துத் திருத்த வேண்டியது. அதற்காக லட்சம் சாதனங்களில் ஒவ்வொரு பூட்டின்போதும் ஓடும் நிரலை நிரந்தரமாகச் சுமப்பது வீண்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது: டிரைவரால் பிடிக்கவே முடியாத தவறுகள்தான் அதிகம். பிராப்பர்ட்டியின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் டிரைவர் அதைப் படிக்கவே படிக்காது. அப்படி ஒரு பிராப்பர்ட்டியே இல்லை என்று எண்ணி இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். இதைப் பிடிப்பது ஸ்கீமா, அதாவது எந்த பிராப்பர்ட்டிக்கு எந்த மதிப்பு வரலாம் என்ற விதிப் பட்டியல், மட்டும்தான். உங்கள் பைண்டிங்கை (சாதனத்தின் பிராப்பர்ட்டி விளக்கத்தை) யாமெல் என்ற உரை வடிவக் கோப்பாக எழுதி, ஒவ்வொரு பிராப்பர்ட்டிக்கும் வகை, குறைந்தபட்சம், அதிகபட்சம், கட்டாயமா இல்லையா என்பதைக் குறித்து, ‘பட்டியலில் இல்லாத பிராப்பர்ட்டிக்கு அனுமதி இல்லை’ என்ற வரியையும் சேருங்கள். பைத்தானின் பிப் வழியாக டிடி-ஸ்கீமா கருவியை நிறுவிக்கொண்டு, கெர்னல் மூலத்தில் முதலில் பைண்டிங் சோதனையையும் பிறகு போர்டு கோப்புகளின் சோதனையையும் தொகுப்புக்கான ‘மேக்’ (make) கட்டளையால் ஓட்டுங்கள். உங்கள் பிரிக்கும் மதிப்புக்குக் குறைந்தபட்சம் 1 என்று எழுதியிருந்தால் போர்டை பூட் செய்யும் முன்பே விவகாரம் முடிந்திருக்கும்.

மூன்றாவது, பழைய டிவைஸ் ட்ரீகளின் தொல்லை. ஏற்கெனவே விற்று வெளியே ஓடிக்கொண்டிருக்கும் சாதனங்களில் டிவைஸ் ட்ரீ ஃபிளாஷில் உட்கார்ந்திருக்கும், கெர்னல் மட்டும் புதுப்பிக்கப்படும். அதில் ஒரு தவறான மதிப்பு இருந்து, இதுவரை யாரும் கவனிக்காமல் வேலை நடந்திருக்கும். நீங்கள் புதிதாகக் கடுமையான சோதனை வைத்தால் நேற்று வரை ஓடிய சாதனம் இன்று நிற்கும், பழி உங்கள் பேட்ச் மேல் விழும். ஏற்கெனவே வெளிவந்த டிரைவரில் சோதனை சேர்ப்பதாக இருந்தால் எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டுப் பழைய நடத்தையைத் தொடர விடுங்கள்.

அப்படியானால் டிரைவரில் இருக்க வேண்டியவை எவை? வகுக்கும் எண்ணாகவோ, வரிசையின் சுட்டெண்ணாகவோ, நீளமாகவோ, பிட் நகர்த்தும் அளவாகவோ பயன்படும் எந்த மதிப்பும். அங்கே தவறினால் கெட்டுப்போவது உங்கள் சாதனம் மட்டும் அல்ல, கெர்னலின் நினைவகமும்தான். அடுத்து, ஓடும்போது மட்டுமே தெரியும் உண்மைகள்: மூலக் கடிகாரத்தின் வேகம், சிப்பின் பதிப்பு எண் போன்றவை. ஸ்கீமாவுக்கு இவை தெரியாது. டிசைன்வேர் ஐ2சி டிரைவர் ஒரு நல்ல மாதிரி. பஸ் வேகம் 100 கிலோஹெர்ட்ஸ், 400 கிலோஹெர்ட்ஸ், 1 மெகாஹெர்ட்ஸ், 3.4 மெகாஹெர்ட்ஸ் ஆகிய நான்கில் ஒன்றாக இல்லாவிட்டால், எந்த நான்கை ஏற்கும் என்பதையும் லாகில் சொல்லிவிட்டுப் பிழை எண் -22 (‘தவறான மதிப்பு’) உடன் நின்றுவிடும்.

படிக்கும்போதே நடக்கும் இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். 32 பிட் மதிப்பைப் படிக்கும் சார்பு, பிராப்பர்ட்டி இல்லாவிட்டால் -22, மதிப்பு இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் -61, தரவு போதாவிட்டால் -75 தரும். மூன்றிலும் உங்கள் மாறியை அது தொடுவதே இல்லை. திரும்பி வரும் எண்ணைப் பார்க்காமல் விட்டால், நினைவக அடுக்கில் முன்பே கிடந்த குப்பைதான் உங்கள் மதிப்பு. ஆகவே மாறியில் இயல்பு மதிப்பை முதலில் வைத்துவிட்டுப் படியுங்கள். இரண்டாவது: டிவைஸ் ட்ரீயில் சாதாரணமாக எழுதும் எண் 32 பிட் அகலம், பெரிய பைட் முன்னால். நீங்கள் 5 என்று எழுதி, டிரைவர் அதை 8 பிட் எண்ணாகப் படித்தால் கிடைப்பது முதல் பைட், அதாவது 0. பிழை எண்ணும் வராது. டிரைவர் 8 பிட் கேட்கிறது என்றால் ட்ரீயிலும் 8 பிட் என்று குறிப்பிட்டே எழுத வேண்டும்.

கேள்வி (கோவை): பிக்யூ25890 சார்ஜர் சிப்பைக் கொண்டு லித்தியம் பேட்டரி போர்டு செய்கிறோம். சார்ஜ் வோல்டேஜைத் தவறாகக் கொடுத்தால் பேட்டரி வீங்கும், தீப்பிடிக்கும். இங்கேயாவது டிரைவர்தானே பொறுப்பு?

பதில்: ஒரு பகுதிக்குத்தான். இந்த சிப்பின் சார்ஜ் வோல்டேஜ் 3.840-இல் தொடங்கி 4.608 வோல்ட் வரை, 16 மில்லி வோல்ட் படிகளில் போகிறது. இந்த எல்லைக்கு வெளியே எது வந்தாலும் டிரைவர் மறுக்க வேண்டும். மைக்ரோவோல்ட்டில் 4200000 என்று எழுத வேண்டிய இடத்தில் மில்லி வோல்ட் நினைவில் 4200 என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. அது இங்கே மாட்டிக்கொள்ளும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு 3.65 வோல்ட் கேட்பவரும் மாட்டுவார். இந்த சிப் அந்தச் செல்லுக்கு ஆகாது என்பதால் அந்த மறுப்பும் சரியே.

ஆனால் 4.2 வோல்ட் செல்லை மாட்டிவிட்டு 4.35 என்று எழுதினால்? இரண்டும் சிப்பின் எல்லைக்குள் இருப்பவை. எந்தச் செல் உள்ளே இருக்கிறது என்பது டிரைவருக்குத் தெரிய வழியில்லை. அதை அறிந்தவர் செல்லின் டேட்டாஷீட்டை வைத்திருப்பவர் மட்டுமே. அதனால்தான் செல்லோடு தனிப் பாதுகாப்புச் சுற்று இருக்க வேண்டும். டிரைவரை நம்பி அதைக் கழற்றிச் செலவை மிச்சம் பிடிக்கும் வடிவமைப்பாளரிடம் வேலை பார்க்காமல் இருப்பது நல்லது.

எல்லைக்குள் இருக்கும் மதிப்பிலும் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, முழுமையாக்கும் திசை. 4.2 வோல்ட் சரியாகப் படியில் விழாது: 3.840-ஐக் கழித்து 16 மில்லி வோல்ட்டால் வகுத்தால் 22.5 வருகிறது. கீழே இறக்கினால் 22, அதாவது 4.192 வோல்ட். மேலே ஏற்றினால் 23, 4.208 வோல்ட். சார்ஜ் வோல்டேஜ், மின்னோட்ட வரம்பு போன்ற ‘இதற்கு மேல் கூடாது’ வகை மதிப்புகளை எப்போதும் கீழே இறக்குங்கள். ‘அருகில் உள்ளது’ என்று எழுதிவைத்தால் பாதி நேரம் வரம்பு மீறும்.

இரண்டு, பிட் வழிதல். இதே சிப்பின் முதல் ரெஜிஸ்டரில் உள்ளீட்டு மின்னோட்ட வரம்பு கீழ் 6 பிட்களில் இருக்கிறது: 100 மில்லி ஆம்பியரில் தொடங்கி 50 படியாக 3250 வரை. யாரோ 3300 கேட்டால் கணக்கில் 64 வரும். 6 பிட்டில் 63 வரைதான் கொள்ளும். முகமூடி போட்டு, அதாவது அந்த 6 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எழுதினால், 64 என்பது 0 ஆகி, வரம்பு 100 மில்லி ஆம்பியருக்கு விழும். முகமூடி போடாமல் எழுதினாலும் புலத்தில் 0-தான் விழும். கூடவே பக்கத்து பிட்டில், மின்னோட்ட வரம்பு முனையை இயக்கும் பிட்டில், வழிந்த 1 போய் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டவருக்கு மிகக் குறைவானது கிடைக்கிறது, எந்தச் செய்தியும் இல்லாமல். புலத்தில் எழுதும் மேக்ரோ தன்னால் சோதிக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். தொகுக்கும்போதே தெரிந்த மாறிலிகளுக்கு மட்டும்தான் அது சோதிக்கும். ஓடும்போது வரும் மதிப்பை மௌனமாக வெட்டிவிடும். ஆகவே எழுதும் முன்பு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி (மதுரை): மேடை விளக்குகளுக்கு டிஎம்எக்ஸ்512 கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறேன். சீரியல் போர்ட்டில் வேகம் 250000 என்று வைத்தேன். அழைப்பு வெற்றி என்றது. திரும்பப் படித்தாலும் 250000 என்றே காட்டுகிறது. விளக்குகள் எதுவும் கேட்பதில்லை. டிரைவர் பொய் சொல்கிறதா?

பதில்: ஏறக்குறைய அப்படித்தான். சீரியல் அமைப்பை மாற்றும் அழைப்பு பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் பொதுத் தரம்) விதிப்படி, கேட்டவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்ய முடிந்தாலே வெற்றி என்று திரும்பும். அதனால் திரும்பப் படித்து ஒப்பிடுவது கட்டாயம். அதை நீங்கள் செய்திருக்கிறீர்கள். ஆனால் 8250 என்ற சீரியல் சிப் வகைக்கான டிரைவரில் அதுவும் போதாது.

பூட் லாகில் உங்கள் போர்ட்டின் வரியைப் பாருங்கள். ‘பேஸ் பாட்’ என்று ஓர் எண் இருக்கும். மூலக் கடிகாரத்தை 16-ஆல் வகுத்தது அது. கிடைக்கும் வேகம் எல்லாம் இந்த எண்ணை ஒரு முழு எண்ணால் வகுத்து வருபவைதான். 1.8432 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் என்றால் பேஸ் 115200. அதற்கு மேல் கேட்டால் டிரைவர் சத்தமில்லாமல் முந்தைய வேகத்துக்கே திரும்பிவிடும். திரும்பப் படித்தால் இது தெரிந்துவிடும். உங்களுடையது அப்படி இல்லை. அநேகமாக 14.7456 மெகாஹெர்ட்ஸ் படிகம், பேஸ் 921600. 250000 அந்த எல்லைக்குள் இருப்பதால் சோதனையைத் தாண்டிவிடுகிறது. பிறகு 921600-ஐ 250000-ஆல் வகுத்தால் 3.69, அதை 4 ஆக்குகிறது. கம்பியில் ஓடுவது 230400. பிழை 7.8 சதவீதம். அமைப்பில் நீங்கள் கேட்ட எண்ணே பதிவாகி இருக்கும்.

பெறும் பக்கம் தொடக்க பிட்டில் நேரம் பிடித்து, ஒன்பதரை பிட் தள்ளி நிறுத்த பிட்டைப் பார்க்கிறது. அதற்குள் அரை பிட் விலகினால் முடிந்தது. அதாவது இரு பக்கமும் சேர்ந்து 5 சதவீதம் சொச்சம். நடைமுறையில் ஒரு பக்கத்துக்கு 2 சதவீதத்துக்குள் வையுங்கள். உங்களுக்குத் தேவை 250000-இன் மடங்காக பேஸ் வரும் கடிகாரம். 24 மெகாஹெர்ட்ஸ் என்றால் பேஸ் 1500000, ஆறால் வகுத்தால் சுத்தமாக 250000. அதே 24 மெகாஹெர்ட்ஸில் 115200 கேட்டாலும் 13-ஆல் வகுத்து 115385 வரும், பிழை 0.16 சதவீதம்தான். படிகத்தை மாற்ற முடியாவிட்டால் தனிக் கடிகாரம் உள்ள யுஎஸ்பி சீரியல் மாற்றியைப் பயன்படுத்துங்கள். எதை மாற்றினாலும் 8 தரவு பிட், 2 நிறுத்த பிட் என்பதை மறக்காதீர்கள்.

டிரைவர் இங்கே என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டால், குறைந்தது உண்மையான வேகத்தையாவது திருப்பி எழுதியிருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

கேள்வி (யாழ்ப்பாணம்): எல்லை மீறிய மதிப்பு வந்தால் பிழை சொல்லி மறுப்பதா, எல்லைக்கு இழுத்து ஏற்றுக்கொள்வதா? வேறு வேறு டிரைவர்கள் வேறு வேறாகச் செய்கின்றனவே?

பதில்: துணைத் தொகுதிக்குத் துணைத் தொகுதி மரபு வேறு, அந்தந்த ஆவணத்தைப் படித்துவிட்டே எழுத வேண்டும். வெப்பம், விசிறி போன்றவற்றுக்கான எச்மான் தொகுதி இதை நன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. வெப்ப வரம்பு போன்ற தொடர் மதிப்பு என்றால் சிப்பின் எல்லைக்கு இழுத்து ஏற்றுக்கொள்ள வேண்டும். பயனர் 200 டிகிரி என்று எழுதினால் சிப்புக்கு 127 வரைதான் தெரியும் என்றால் 127. முறை எண் போன்ற தனித்தனி மதிப்பு என்றால் -22 சொல்லி மறுக்க வேண்டும். 2-க்கும் 3-க்கும் வேறு வேறு பொருள் இருக்கும்போது ‘அருகில் உள்ள முறை’ என்று ஒன்று கிடையாது.

வீடியோ பிடிக்கும் வி4எல்2 தொகுதியில் வடிவத்தை அமைக்கும் அழைப்பு, கேட்டதை முடிந்ததாக மாற்றித் திருப்பித் தரும். மாற்றாமல் விசாரிக்க மட்டும் தனி அழைப்பு உண்டு. திரை தொடர்பான டிஆர்எம் தொகுதி நேர் எதிர்: முழு அமைப்பையும் முதலில் சோதனைக் கட்டத்தில் ஏற்றிப் பார்க்கும், அங்கேயே ஏற்கும் அல்லது மறுக்கும். செயல்படுத்தும் கட்டத்தில் தோல்வி என்ற பேச்சே இருக்கக் கூடாது, ஏனென்றால் பாதி ரெஜிஸ்டர்களை எழுதிய பிறகு பின்வாங்கினால் திரை எந்த நிலையில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பல ரெஜிஸ்டர்களைச் சேர்த்து மாற்றும் எந்த டிரைவரும் இந்த வரிசையைக் காப்பியடிக்கலாம்: எல்லாவற்றையும் கணக்கிடு, எல்லாவற்றையும் சோதி, அதன் பிறகே முதல் ரெஜிஸ்டரைத் தொடு.

கேள்வி (திருச்சி, பொறியியல் மாணவி): டிவைஸ் ட்ரீயை நம்பலாம் என்கிறீர்கள். யுஎஸ்பியில் சாதனமே தன்னைப் பற்றிச் சொல்கிறது. அதை நம்பக் கூடாது என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். ஏன்?

பதில்: எழுதியவர் யார் என்பது மாறிவிட்டது. டிவைஸ் ட்ரீ போர்டோடு வருகிறது. யுஎஸ்பி சாதனத்தைத் தெருவில் போகிறவர்கூடச் செருகலாம். அதன் விவரக் குறிப்பை உள்ளே இருக்கும் நிரல் என்ன வேண்டுமானாலும் எழுதித் தரும்.

பழைய டிரைவர்கள் பல, ‘என் சாதனத்துக்கு இரண்டு எண்ட்பாயிண்ட் (தரவு போய்வரும் வாயில்) உண்டு, இரண்டாவது பல்க் வகை’ என்று தீர்மானித்துக்கொண்டு நேராக இரண்டாவதை எடுத்தன. அதே விற்பனையாளர் எண்ணையும் தயாரிப்பு எண்ணையும் சொல்லிக்கொண்டு எண்ட்பாயிண்டே இல்லாத ஒரு சாதனம் வந்தால், டிரைவர் வரிசைக்கு வெளியே கை வைக்கிறது. கூகுளின் சிஸ்காலர் கருவி இப்படிப் போலிச் சாதனங்களைச் செருகிச் செருகியே ஏராளமான பிழைகளை வெளியே கொண்டுவந்தது. இப்போது கெர்னலில் எண்ட்பாயிண்டைத் தேடித் தர ஆயத்தச் சார்புகள் உண்டு. வகையும் திசையும் பொருந்தாவிட்டால் அவை பிழை தரும். எண்ணை நேராகப் போட்டு எடுப்பதை விட்டுவிட்டு அவற்றையே பயன்படுத்துங்கள். விவரக் குறிப்புகளை நீங்களே படித்துப் பிரிப்பதாக இருந்தால் ஒவ்வொன்றின் முதல் பைட்டான நீளத்தைச் சோதியுங்கள். நீளம் 0 என்று வந்தால் உங்கள் சுழற்சி நகராமல் அங்கேயே சுற்றும். எஞ்சிய பைட்டுகளைவிடக் கூடுதல் நீளம் என்றால் இடையகத்தைத் தாண்டிப் படிப்பீர்கள்.

மின்சாரக் கணக்கும் இந்த வகைதான். சாதனம் எவ்வளவு வேண்டும் என்பதை ஒரு பைட்டில், யுஎஸ்பி 2-இல் 2 மில்லி ஆம்பியர் அலகில் சொல்கிறது. 250 என்றால் 500 மில்லி ஆம்பியர். தனி மின்சாரம் இல்லாத ஹப்பின் போர்ட் 100 மில்லி ஆம்பியர்தான் தரும் என்பதால், அங்கே கெர்னல் அந்த அமைப்பை மறுத்து லாகில் எழுதும். வேண்டுமென்றே ஏற்கச் செய்ய, சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அந்தச் சாதனத்தின் அமைப்பு எண் கோப்பில் 1 எழுதலாம். இதில் ஒன்றை மறக்கக் கூடாது: கெர்னல் மின்னோட்டத்தை அளப்பதில்லை, சாதனம் சொன்னதைக் கூட்டிக் கழிக்கிறது, அவ்வளவே. 100 என்று சொல்லிவிட்டு 400 இழுக்கும் விசிறியை அது பிடிக்காது.

பிசிஐ பக்கம் ஒரு வரி: அட்டை நழுவிவிட்டால் படிக்கும் எல்லா ரெஜிஸ்டரும் எல்லா பிட்டும் 1 ஆகத் திரும்பும். நிலை ரெஜிஸ்டரில் ‘வேலையில் இருக்கிறது’ பிட் 0 ஆகும் வரை காத்திருக்கும் சுழற்சிக்கு நேர வரம்பு இல்லாவிட்டால் கணினி தொங்கும்.

கேள்வி (சேலம்): பழைய கணினியில் இன்டெல் நெட்வொர்க் போர்ட். ‘என்விஎம் செக்சம் செல்லாது’ என்று சொல்லி இ1000இ டிரைவர் ஏற மறுக்கிறது. விண்டோஸில் வேலை செய்ததே! சோதனையைத் தாண்ட வழி உண்டா?

பதில்: என்விஎம் என்பது அட்டையின் அமைப்பு நினைவகம், செக்சம் என்பது அதைச் சரிபார்க்கும் கூட்டுத்தொகை. அதன் முதல் 64 சொற்களைக் கூட்டினால் 47802 வர வேண்டும். ஹெக்ஸில் அது ‘பி-ஏ-பி-ஏ’, பாபா. வராவிட்டால் உள்ளே இருக்கும் மேக் முகவரியும் (நெட்வொர்க்கில் அட்டையின் தனி அடையாள எண்) மற்ற தொடக்க அமைப்புகளும் நம்பத்தக்கவை அல்ல என்று டிரைவர் நிறுத்திக்கொள்கிறது. ஒரு முறை தவறினால் உடனே கைவிடாது. மின்சேமிப்பு காரணமாக முதல் வாசிப்பு பிசகலாம் என்பதால் மறுபடியும் படித்துப் பார்த்த பிறகே மறுக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: கணினியை அணைத்து, மின்கம்பியையும் நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கி, மடிக்கணினி என்றால் பேட்டரியையும் எடுத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். தூக்க நிலையில் சிக்கிய சிப்பென்றால் இதிலேயே சரியாகும். பிறகு பயாஸ் புதுப்பிப்பு. போர்டிலேயே இருக்கும் இன்டெல் போர்ட்டுகளில் இந்த அமைப்பு பெரும்பாலும் பயாஸ் இருக்கும் அதே ஃபிளாஷில் தனிப் பகுதியாக இருக்கிறது. இரண்டுக்கும் மசியாவிட்டால் தனி அட்டை வாங்குவதே மலிவு. பழைய இ100 டிரைவரில் தவறான செக்சமை அனுமதிக்க ஒரு மாட்யூல் அளவுரு உண்டு, இ1000இ-இல் இல்லை.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் வரலாறும் இருக்கிறது. 2008-இல் 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளில் பலருடைய இ1000இ அட்டைகளின் என்விஎம் அழிந்தது. பிழை நெட்வொர்க் டிரைவரில் இல்லை. ஃப்ட்ரேஸ் என்ற தடம்பிடிக்கும் வசதி, ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நிரல் இருந்த முகவரியில் எழுதியது. அதே முகவரியில் இப்போது அட்டையின் என்விஎம் வரைபடமாகியிருந்தது. செக்சம் சோதனை அழிவைத் தடுக்கவில்லை, சொல்ல மட்டுமே செய்தது. தடுத்தது பின்னர் சேர்த்த, எழுதவே விடாத பூட்டு. எழுதினால் திரும்பாத இடத்துக்கு, படிக்கும்போது சோதிப்பதைவிட எழுதும் வழியை அடைப்பதுதான் முதல் வேலை.

கேள்வி (சென்னை): ‘வெளியே கருவியால் சோதித்தால் போதும், டிரைவருக்குள் வேண்டாம்’ என்ற வாதத்துக்கு 2024 ஜூலை 19 போதாதா?

பதில்: கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு நிறுவனத்தின் புதுப்பிப்பைச் சொல்கிறீர்கள். அது வன்பொருள் அமைப்பு அல்ல, பாதுகாப்பு டிரைவருக்கான தரவுக் கோப்பு. ஆனாலும் கேள்வி பொருந்துகிறது. புதுக் கோப்பு 21 புலங்களை எதிர்பார்த்தது, டிரைவர் பக்க நிரல் 20 மட்டுமே தந்தது. இல்லாத 21-ஐப் படிக்கப் போய், மைக்ரோசாஃப்ட் கணக்கில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. வெளியே சரிபார்ப்புக் கருவி இருந்தது. அதுவும் 21 வரும் என்றே நம்பியதால் கோப்பைத் தேர்ச்சி என்றது.

முதல் பதிலில் சுட்டெண்ணாகப் பயன்படும் மதிப்பை டிரைவரே சோதிக்க வேண்டும் என்றது இதற்காகத்தான். கருவியும் டிரைவரும் ஒரே தவறான நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ள முடியும். ஒரு வரி எல்லைச் சோதனைக்கு நம்பிக்கை தேவையில்லை. கோப்பு நாளுக்கு நாள் தொலைவிலிருந்து மாறுவது என்றால் அது டிவைஸ் ட்ரீ போன்றது அல்ல. யுஎஸ்பியில் செருகப்பட்டது போலவே நடத்துங்கள்.

கேள்வி (ஈரோடு): எங்கள் போர்டு ஒவ்வொரு பூட்டிலும் புது ஐபி முகவரி வாங்குகிறது. ரூட்டரில் முன்பதிவு செய்தும் பயன் இல்லை.

பதில்: மேக் முகவரி செல்லாமல் போயிருக்கிறது. எல்லாம் 0 என்றாலோ, முதல் பைட் ஒற்றைப்படை என்றாலோ கெர்னல் ஏற்காது. வெற்று ஈஈபிராம் (முகவரியைச் சேமிக்கும் சிப்) எல்லா பிட்டும் 1 ஆகத் தருவதால் அதுவும் இந்த வலையில் விழும். பெரும்பாலான டிரைவர்கள் அப்போது தற்செயல் முகவரி ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த இடைமுகத்தின் ‘முகவரி ஒதுக்கிய வகை’ கோப்பைப் படியுங்கள்: 1 என்றால் தற்செயல், 0 என்றால் நிரந்தரம். யூ-பூட்டில் (கெர்னலைத் தொடங்கிவைக்கும் நிரல்) ‘ஈத்அட்டர்’ மாறியை நிரப்பிச் சேமியுங்கள். டிவைஸ் ட்ரீயில் ஈதர்நெட்டுக்கு மாற்றுப்பெயர் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் யூ-பூட் முகவரியை எங்கே எழுதுவது என்று அறியாது.

கேள்வி (ஓசூர், இன்னொருவர்): மதிப்பு தவறு என்று லாகில் எழுதும்போது என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: பிராப்பர்ட்டியின் பெயர், வந்த மதிப்பு, ஏற்கும் எல்லை, அலகு. ‘தவறான அமைப்பு’ என்று மட்டும் எழுதும் டிரைவர் அடுத்தவரின் அரை நாளைத் தின்னும். புரோபில் (டிரைவர் சாதனத்தோடு இணையும் கட்டத்தில்) தோல்வி என்றால் அதற்கென உள்ள பிழைச் சார்பைப் பயன்படுத்துங்கள். கடிகாரமோ மின்வழங்கியோ இன்னும் தயாராகவில்லை என்று வரும் -517-ஐ அது பிழையாகக் கொட்டாது. பயனர் எழுதும் கோப்பிலிருந்து வரும் தவறுக்கு லாகே வேண்டாம், பிழை எண் போதும். இல்லாவிட்டால் ஒரு சுழற்சி நிரலை வைத்து யாரும் உங்கள் லாகை நிரப்பிவிடலாம்.